சந்தையில் உருண்டு அழும் பிள்ளை: அடிக்காமல் வளர்க்க முடியுமா?

தொடக்கக் கேள்வி (புஞ்சைப் புளியம்பட்டி வாசகர்) – 5 ஜூன் 2025

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) சொல்வார். நானும் என் தம்பியும் அப்படித்தான் வளர்ந்தோம், கெட்டுப்போய்விடவில்லை. என் மகனுக்கு இரண்டரை வயது. சந்தைக்கு அழைத்துப் போனால் பலூன்காரரைக் கண்டதும் தரையில் விழுந்து உருளுகிறான். ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது. முதுகில் ஒன்று வைத்தால் அப்போதைக்கு அடங்குகிறான். என் மனைவி அடிக்கவே கூடாது என்கிறார். அடிக்காமல் வளர்ப்பதெல்லாம் வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவர்கள் பேசும் பேச்சு என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

5 ஜூன், இரவு

நான் பல்லடம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளின் தாய்மார்களில் பெரும்பாலோர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். தந்தையர் தறியிலோ லாரியிலோ இருப்பவர்கள். இது வசதி உள்ளவர்களின் பேச்சு என்று நீங்கள் சொல்வதால், வசதியே இல்லாத இந்தக் குடும்பங்களை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

‘அப்போதைக்கு அடங்குகிறான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சந்தையில் என்ன நடக்கிறது என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: மறுபடியும் உருளுகிறான். அடி எதையாவது கற்றுக்கொடுத்திருந்தால் அடுத்த முறை அதன் தடயம் தெரிய வேண்டும். அடி விழுந்ததும் பலூன் மீதிருந்த ஆசையை அச்சம் மூடிவிட்டது, அவ்வளவுதான். ஆசை வந்தால் என்ன செய்வது என்பதை அவன் இன்னும் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டரை வயதில் ஒரு பிள்ளைக்கு ஆசை முழு அளவில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கான சொற்கள் குறைவாக இருக்கின்றன. பொறுத்துக்கொள்ளும் ஆற்றல் இப்போதுதான் முளைவிடுகிறது. உணர்ச்சி பொங்கும்போது தன்னைத் தானே தடுத்து நிறுத்தும் மூளையின் முன்பகுதி, இருபதைத் தாண்டிய வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கும் பகுதி. உங்கள் மகன் உங்களை அவமானப்படுத்துவதற்காக உருளவில்லை. வேடிக்கை பார்க்கும் ஊர் உங்கள் கண்ணுக்குத்தான் தெரிகிறது. அவன் கண்ணில் பலூன் மட்டுமே இருக்கிறது.

எந்த நேரத்தில் சந்தைக்குப் போகிறீர்கள், அவன் என்ன சாப்பிட்டிருப்பான், பகலில் எப்போது தூங்குவான் என்று எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.

6 ஜூன், விடியற்காலை

முருங்கையைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் பிறந்த ஊர் மூலனூர்ப் பக்கம், முருங்கைக்காட்டில்தான் வளர்ந்தேன். செடிமுருங்கை சுமார் 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் அதன் நுனியைக் கிள்ளி விடுவார்கள். பக்கக் கிளைகள் நிறைய வரும் என்பதற்காக. காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில் வெட்டிவிட்டு, அடிக்கட்டை மறுபடி துளிர்த்துக் காய்க்கும்படி மறுதாம்புக்கு விடுவார்கள். இரண்டும் பருவம் பார்த்து, உயரம் பார்த்துச் செய்யும் வேலைகள். காய் விலை விழுந்த கோபத்தில் மரத்தை ஒடித்த குடியானவர் எவரையும் நான் பார்த்ததில்லை. நம் வீடுகளில் பிள்ளைக்கு விழும் அடி எந்தப் பருவம் பார்த்து விழுகிறது? பெரியவரின் களைப்பு, கடன்காரரின் போன், ஊர் பார்க்கிறதே என்ற கூச்சம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் பெரும்பாலும் விழுகிறது. அப்பாரு சொன்ன பழமொழியை முழுதாக நம்புகிறவர்கூட, முருங்கைக்குக் காட்டும் நிதானத்தைப் பிள்ளைக்குக் காட்டியாக வேண்டும்.

6 ஜூன், இரவு

உங்கள் பதிலைப் பார்த்தேன். காலை பதினொன்றரை மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்கு மேல் திரும்புகிறீர்கள். காலையில் ஒரு இட்லிதான் உண்டான். திரும்பும்போது வண்டியிலேயே தூங்கிவிடுகிறான். பாதி விடை இதிலேயே இருக்கிறது. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பசியும் தூக்கமும் சேர்ந்து வரும் நேரத்தில், வெயிலிலும் கூட்டத்திலும், அவனிடம் இல்லாத பொறுமையை நாம் கேட்கிறோம்.

இனி நான் செய்யச் சொல்வது இது. முடிந்தால் வெயில் ஏறும் முன்பே போய் வாருங்கள். முடியாவிட்டால் வயிறு நிறைய உண்ண வைத்து அழைத்துச் செல்லுங்கள். கிளம்பும் முன் அவன் உயரத்துக்குக் குனிந்து, என்ன நடக்கப் போகிறது என்பதைச் சிறிய வாக்கியங்களில் சொல்லுங்கள்: ‘தக்காளி வாங்கப் போறோம் சாமி. பலூன் பார்க்கலாம், இன்னைக்கு வாங்கறதில்லை.’ வாங்கித் தருவதாக இருந்தால் அதையும் வீட்டிலேயே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். சந்தைக்குள் நுழைந்ததும் அவன் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். கறிவேப்பிலைக் கொத்தைத் தூக்கி வருவது, எலுமிச்சையை ஒவ்வொன்றாகப் பையில் போடுவது போன்ற உண்மையான வேலையாக அது இருக்க வேண்டும். போக்குக் காட்டும் வேலையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்படியும் உருண்டால் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே, நிழலான இடத்துக்கு வந்துவிடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். ‘பலூன் வேணும்னு இருக்குது. இன்னைக்கு இல்லை. நான் இங்கேயேதான் இருக்கேன்’ என்று ஒரு முறை சொன்னால் போதும். அழுகைக்கு நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள், பேரம் பேசாதீர்கள், பலூனும் வாங்காதீர்கள். ‘உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிருவேன்’ என்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். அழுகை வடிந்ததும் தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, விட்ட வேலையைத் தொடருங்கள். நடந்ததைப் பற்றி அன்று மாலை சொந்தக்காரர்களிடம் அவன் எதிரில் பேசிச் சிரிப்பதும் வேண்டாம்.

8 ஜூன்

காங்கயத்திலிருந்து ஒரு சகோதரி, ‘நீங்கள் சொன்னபடி கொடுக்காமல் உறுதியாக இருந்தேன், அழுகை முன்பைவிடக் கூடிவிட்டது, உங்கள் வழி என் மகளிடம் பலிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார். கூடுவது எதிர்பார்க்க வேண்டியதுதான். இதுவரை அழுதபோதெல்லாம் கிடைத்துவந்த ஒன்று திடீரென்று கிடைக்காமல் போனால், கிடைக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பிள்ளை இன்னும் உரக்க அழுது பார்க்கும். நடத்தையை ஆராய்கிறவர்கள் நன்கு அறிந்த உண்மை இது. அந்த உச்சத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், இவ்வளவு அழுதால்தான் கிடைக்கும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். சில நாள் கொடுத்துச் சில நாள் மறுப்பது எப்போதும் கொடுப்பதைவிடக் கடினமான பழக்கத்தை வளர்க்கும். ஆகவே கடைசிவரை நிற்க முடியாது என்று உங்களுக்கே தெரியும் விஷயத்தில் முதலிலேயே ‘சரி’ என்று சொல்லிவிடுங்கள். ‘இல்லை’ என்ற சொல்லை, உண்மையிலேயே இல்லை என்னும் இடங்களுக்காகச் சேமித்து வையுங்கள்.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. கேட்டது கிடைக்கவில்லை என்ற அழுகைக்குத்தான் இது பொருந்தும். பயந்து அழும் பிள்ளையையும், உடம்பு முடியாமல் அழும் பிள்ளையையும், அம்மா வேலைக்குப் போய்விட்டாளே என்று அழும் பிள்ளையையும் தூக்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஜூன் மாதத்தில் எங்கள் மையத்தில் கேட்கும் அழுகையில் பெரும்பகுதி இந்தக் கடைசி வகைதான்.

9 ஜூன்

‘நாங்கள் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டுப்போகவில்லை’ என்பதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் எலிசபெத் கெர்ஷாஃப் என்பவரும் ஆண்ட்ரூ குரோகன்-கேலர் என்பவரும் 75 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அவற்றில் இடம்பெற்ற பிள்ளைகள் ஏறத்தாழ 1,60,000 பேர். எலும்பு முறியும் அடியை விட்டுவிட்டு, சாதாரணமாகத் திறந்த கையால் பின்புறத்திலோ கை கால்களிலோ தட்டும் அடியை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படி அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும், சொல் கேளாமையும், மனச்சுமையும் கூடுதலாகக் காணப்பட்டன. சொல் கேட்கும் பழக்கம் நீண்ட காலத்தில் கூடியதாகத் தெரியவில்லை. முரட்டுப் பிள்ளைதான் அதிகமாக அடி வாங்கும், ஆகவே அடியால் முரடு வந்ததா, முரட்டால் அடி வந்ததா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. ஆனாலும் அடியால் நன்மை விளைந்தது என்று காட்டும் பக்கம் அந்தக் கணக்கு சாயவே இல்லை.

அடி வாங்கியவர்கள் எல்லோரும் கெட்டுப்போவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் அப்பாரு அடித்ததோடு நின்றிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியிருப்பார்; கிணற்றில் நீச்சல் பழக்கியிருப்பார்; காய்ச்சல் வந்த இரவில் விழித்திருப்பார். நீங்கள் நன்றாக வளர்ந்ததன் பெருமையை அந்த இரவுகளுக்குக் கொடுக்காமல் அடிக்குக் கொடுப்பது அப்பாருக்கே நியாயம் செய்வதாகாது.

பெரியவர் செய்வதைப் பிள்ளை அப்படியே செய்யும் என்பதற்கு 1961-இலேயே உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா ஒரு சோதனை செய்து காட்டினார். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைப் பார்த்த மழலைப் பள்ளிப் பிள்ளைகள், தனியே விடப்பட்டபோது அதே பொம்மையை அதே முறையில் அடித்தார்கள். எங்கள் மையத்தில் வீட்டு விளையாட்டு விளையாடும் பிள்ளைகளைக் கவனித்தால், அம்மாவாக வேடம் போட்ட பெண் குழந்தை பொம்மைக்குச் சோறு ஊட்டும் விதத்திலேயே அந்த வீட்டின் குரல் தெரிந்துவிடும்.

11 ஜூன்

கடிக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டவருக்கு இது.

ஒடிசாவிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் மூன்று வயது மகன் எங்கள் மையத்துக்கு வந்தான். வந்த நாளிலிருந்து கடித்தான். கையில், தோளில், ஒரு பெண் குழந்தையின் கன்னத்தில். மற்றத் தாய்மார்கள் கொதித்துப்போய், அவனைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். ஒருவர், ‘திருப்பிக் கடிச்சு விடுங்க டீச்சர், அப்பத்தான் வலி தெரியும்’ என்றார். வலி தெரிந்தால் இரக்கம் வரும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கோ, பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதுதான் அதிலிருந்து புரியும்.

எப்போது கடிக்கிறான் என்று மட்டும் கவனித்தேன். சும்மா இருக்கும் நேரத்தில் கடிக்கவில்லை. கையிலிருந்த கட்டையை யாராவது பிடுங்கும்போதும், தண்ணீர்க் குடத்தின் அருகில் தள்ளுமுள்ளு வரும்போதும், மரக்குதிரையில் தன் முறை வராதபோதும் கடித்தான். மற்றப் பிள்ளைகள் ‘என்னுது, குடு’ என்று கத்துவார்கள், ‘டீச்சர், பாருங்க’ என்று முறையிடுவார்கள். அவனிடம் இருந்த சொற்கள் ஒன்றும் அந்த அறையில் எவருக்கும் புரியாது. பல் மட்டும்தான் எல்லோருக்கும் புரிந்தது.

அவன் அம்மா வாரச் சம்பள நாளில் வந்தபோது, அவன் வீட்டில் சொல்லும் சொற்கள் சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டேன். தண்ணீருக்கு அவர்கள் மொழியில் ‘பாணி’ என்று பெயர். கையை விரித்து நீட்டினால் ‘கொடு’, உள்ளங்கையைக் காட்டினால் ‘வேண்டாம்’ என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே பழக்கினேன். அவனுக்கு மட்டும் பழக்கினால் பயனில்லை, பார்க்கிறவர்களுக்கும் புரிய வேண்டும். தள்ளுமுள்ளு வரும் நேரங்களில் அவன் அருகில் நின்றேன். வாய் திறக்கும் முன் கையை நீட்டச் செய்தேன். கடித்துவிட்டால் முதலில் கடி வாங்கிய பிள்ளையைத்தான் தூக்கினேன். பிறகு அவனிடம், ‘கடிச்சா வலிக்கும். வேணும்னா கையை நீட்டு’ என்று மட்டும் சொல்லி, ஈரத்துணியைப் பிடித்துக்கொள்ள அவனையே உதவச் செய்தேன். மன்னிப்புக் கேள் என்று வற்புறுத்தவில்லை. அந்த வயதில் அது வெறும் உச்சரிப்பாகவே இருக்கும்.

கடிப்பது ஒரே நாளில் நின்றுவிடவில்லை. குறைந்துகொண்டே வந்து, அவன் தமிழில் சண்டை போடக் கற்றுக்கொண்டபோது முற்றிலும் நின்றது. இடையில் மையத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் ‘பாணி வேணும்’ என்று கேட்கத் தொடங்கி, தாய்மார்கள் என்னிடம் வந்து விசாரித்தார்கள். பொதுவாகவே ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை கடிப்பது அரிதான செயல் இல்லை. பல் முளைக்கும் ஊறலாலும், சொல் வராத தவிப்பாலும் பல பிள்ளைகள் கடிக்கிறார்கள். அதை வைத்து அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டிவிட்டால், அது கடிக்கும் பழக்கத்தைவிட நெடுநாள் அவனோடு தங்கிவிடும்.

12 ஜூன்

அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அமுச்சி ஆகிய தாத்தா பாட்டிகளைப் பற்றி நிறையப் பேர் குறைபட்டு எழுதுகிறீர்கள்: அம்மா வேண்டாம் என்றதை ஆத்தா முந்தானையில் ஒளித்துக் கொடுக்கிறார், அப்பா அதட்டினால் அப்புச்சி சண்டைக்கு வருகிறார் என்கிறீர்கள். பெரியவர்களை மாற்ற முயல்வதைவிட, வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய சட்டங்கள் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. யாரையும் அடிக்கக் கூடாது, கிணற்றுப் பக்கம் தனியாகப் போகக் கூடாது, இரவில் இன்ன நேரத்துக்குப் படுக்க வேண்டும் என்பன போன்றவை போதும். மிட்டாய் ஒன்று கூடுதலாகப் போனால் போகட்டும்.

பூச்சாண்டி விஷயத்தில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. ‘சோறு திங்காட்டி நர்ஸ் வந்து ஊசி போட்டுருவாங்க’ என்று வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளை, தடுப்பூசி நாளன்று கிராமச் செவிலியரைக் கண்டதும் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. தொலைந்துபோனால் உதவி கேட்க வேண்டிய காவலரையும், காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்க்க வேண்டிய செவிலியரையும் பேயாக்கி வைப்பது ஆபத்தானது. அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், பிள்ளை நம்மிடம் வைத்த நம்பிக்கையிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறோம்.

பாட்டிமார்களைக் குறைசொல்லியே முடிக்க விரும்பவில்லை. எங்கள் ஊரில் ஓர் ஆத்தா இருக்கிறார். அவர் பேரனை ‘சும்மா இரு’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. விதைக்கடலை உரிக்கும்போது ஒரு முறத்தை அவன் முன்னாலும் வைத்துவிடுவார். ‘முழுசா இருக்கறது இந்தப் பக்கம், ஒடைஞ்சது அந்தப் பக்கம் போடுங்க சாமி’ என்பார். அவன் வாயில் பாதி போகும். ஆத்தா பார்க்காதவர்போல இருப்பார். சிறிது நேரம் உரிப்பான், பிறகு எழுந்து ஆட்டுக்குட்டியிடம் போவான், மறுபடி வருவான். உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லரும், அவர் வழியில் வந்த ருடால்ஃப் டிரைக்கர்ஸும் பிள்ளைகளைப் பற்றி எழுதியதன் மையக் கருத்து, தான் இந்த வீட்டுக்கு உரியவன், தன்னாலும் இந்த வீட்டுக்கு ஒரு பயன் உண்டு என்று பிள்ளை உணர வேண்டும் என்பதே. அந்த உணர்வு கிடைக்காத பிள்ளை, கவனத்தைப் பெறுவதற்கோ, தன் அதிகாரத்தைக் காட்டுவதற்கோ, பட்ட காயத்துக்குப் பழிதீர்ப்பதற்கோ கோணலான வழியில் முயலும். எதுவும் பலிக்காதபோது, தன்னால் எதுவும் ஆகாது என்று ஒதுங்கிவிடும் என்றார் டிரைக்கர்ஸ். அந்த ஆத்தாவின் முறத்தில் இருப்பது, தன்னாலும் வீட்டுக்கு ஒரு பயன் உண்டு என்ற அந்த உணர்வே.

14 ஜூன்

கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டுவது பற்றி: இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று மேலே சொன்ன அதே 2019 வழிகாட்டுதல் கூறுகிறது. கைப்பேசியை வாங்கி வைக்கும்போது வரும் அழுகைக்கு 8-ஆம் தேதிக் குறிப்பே பொருந்தும். ஊட்டுவதை நிறுத்தித் தட்டில் வைத்துக்கொடுங்கள்; அரிசிம்பருப்புச் சாதம் பாதி தரைக்குப் போனாலும் பிள்ளை தானே உண்ணப் பழகும்.

15 ஜூன்

ஒரு தந்தை கேட்கிறார்: ‘மகள் வேண்டுமென்றே தண்ணீரைக் கொட்டினாள். இரவுச் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. இது விளைவா, தண்டனையா?’ தண்டனைதான். கொட்டிய தண்ணீருக்கும் இரவுச் சோற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செயலோடு தொடர்புடையதாகவும், பிள்ளையின் மானத்தைக் கெடுக்காததாகவும், வயதுக்குத் தகுந்ததாகவும், முடிந்தவரை முன்பே தெரிவிக்கப்பட்டதாகவும் இருந்தால்தான் அதை விளைவு என்று சொல்லலாம். தண்ணீர் கொட்டினால் துணி எடுத்துத் துடைக்க வேண்டும். நாமும் கூடவே உட்கார்ந்து துடைக்கலாம். மணலை மற்றவர் கண்ணில் வீசினால் சற்று நேரம் மணலைவிட்டு வேறு இடத்தில் விளையாட வேண்டும். திரும்பி வரும் வழியும் திறந்தே இருக்க வேண்டும். சோறு, தூக்கம், அன்பு மூன்றையும் எக்காலத்திலும் பணயம் வைக்கக் கூடாது.

அடியை விட்டவர்கள் பலர் நாக்கை எடுத்துக்கொள்கிறார்கள். ‘மாமன் பையனைப் பார், நீயும் இருக்கிறாயே’ என்பதும், நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதும் அடியைவிடக் குறைந்தவை என்று நான் எண்ணவில்லை.

17 ஜூன்

பரிசுகளைப் பற்றி 6-ஆம் தேதி தெளிவாக எழுதவில்லை என்பதால் சிலர், அழாமல் வந்தால் பலூன் என்று பேசிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். பலூன் வாங்கும் நாள், வாங்காத நாள் என்று இருக்கட்டும். அழாமல் இருப்பதற்கு விலை வைக்க வேண்டாம். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் மழலைப் பள்ளி ஒன்றில் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் உள்ள பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் பரிசுச் சான்று தருவோம் என்று முன்பே சொல்லிவிட்டு, அதன்படி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவினர் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை.

ஆகவே பாராட்டுங்கள், ஆனால் பார்த்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். ‘செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாய், ஆத்தா கால் தடுக்காமல் நடந்தார்’ என்பது ‘நல்ல பிள்ளை’ என்பதைவிட நெடுநாள் நிற்கும். ‘நல்ல பிள்ளை’ என்ற பட்டம் நாளைக்கே பறிபோகக்கூடியது என்பது பிள்ளைக்கும் தெரியும்.

18 ஜூன், இரவு

இத்தனை நாள் எழுதியவற்றில் விடுபட்டதை ஒரு தாய் நினைவூட்டியிருக்கிறார். ஒன்றரை ஷிப்ட் முடித்து, கம்பெனி வண்டியில் இறங்கி, இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறவர். ‘குனிந்து பேசு, நிதானமாக இரு என்கிறீர்கள், எனக்கு நிற்கவே கால் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். அவரிடம் இன்னொரு கடமையைச் சுமத்துவதற்கு எனக்கு மனம் இல்லை. பிள்ளை வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்கள் களைப்பைப் பற்றி எழுத மறந்துவிடுகிறோம். நாள் முழுவதும் நல்லபடி இருந்த பிள்ளை, அம்மாவைக் கண்டதும் முரண்டு பிடிக்கிறது என்றால், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் இறக்கி வைக்கப் பாதுகாப்பான மடி வந்துவிட்டது என்று பொருள். அது உங்கள் வளர்ப்பின் தோல்வியில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிதுதான். வந்தவுடன் சமையலறைக்குப் போகாமல், முகம் கழுவிவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்காருங்கள். அதற்குப் பிறகு வரும் முரண்டு பாதியாகக் குறையும். கை ஓங்குகிறது என்று தெரிந்தால், பிள்ளைக்குப் பக்கத்தில் வேறு பெரியவர் இருக்கும்போது, ‘அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளை அப்போது உங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். ஒருநாள் கை நீண்டே விட்டால், ‘அடித்தது தப்பு, வலித்திருக்கும்’ என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்னால் பயம் விட்டுப்போகும் என்று அஞ்ச வேண்டாம்.

இதைப் படிக்கும் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் குளிக்க வைப்பதும் படுக்க வைப்பதும் ஆண்கள் செய்யக்கூடிய வேலைகளே. அம்மா ஒருவரே கண்டிப்பும் கனிவும் இரண்டையும் சுமக்கும் வீட்டில் இரண்டும் தேய்ந்துபோகும்.

21 ஜூன்

கடைசியாக வந்த கேள்வி எல்.கே.ஜி. சேர்க்கை பற்றியது: தனியார் பள்ளியில் பிரம்பு இருப்பதாகக் கேள்விப்படுகிறோம், கேட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று தயங்குகிறோம் என்கிறார்கள்.

தயங்காமல் கேளுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரையானவர்களுக்கு என்பதால் எல்.கே.ஜி. பிள்ளைக்குப் பொருந்தாது என்று சிலர் வாதிடலாம். ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவுக்கு அப்படிக் கீழ்வரம்பு இல்லை. தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைத் தாக்கித் தேவையற்ற துன்பம் கொடுப்பவருக்கு மூன்று ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க அது இடமளிக்கிறது. அவசரத்துக்கு 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் இருக்கிறது.

சேர்க்கும் முன்பே வகுப்பாசிரியரிடம் பேசிப் பாருங்கள். பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள், கால்சட்டையில் சிறுநீர் போய்விட்டால் யார் மாற்றுவார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், விளையாட்டு நேரத்தைத் தண்டனையாக நிறுத்துவீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லும் முறையிலேயே நிறையத் தெரிந்துவிடும். நீங்களும் பிள்ளையின் எதிரில், ‘சொன்ன பேச்சு கேக்காட்டி நல்லா அடிங்க டீச்சர்’ என்று சொல்லாதீர்கள். கொங்கு நாட்டில் மரியாதைக்காகச் சொல்லும் பேச்சு அது என்பது எனக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, பிள்ளை எதற்குப் பயப்படும், எதைச் சொன்னால் சமாதானமாகும், வீட்டில் சிறுநீருக்கும் தண்ணீருக்கும் என்ன சொல் சொல்லும் என்பதை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.